கேட்காமல் கொட்டிய ‘ம்’

திருச்சுழிக்கு முந்தைய விலக்கு ஸ்டாப்பில் ஒரு கிழவி இறங்கினாள். அவளுடைய கோழிக்கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு, படியில் நின்றபடியே இரட்டை விசில் ஊதினேன். எனக்கு ஒற்றை விசில்தான் கேட்டது.

பஸ் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் தனியார் பஸ்ஸில் பதிமூன்று வருஷம் இதைத்தான் ஊதிக்கொண்டிருந்தேன். மூச்சு விடுவதுபோல அது தானாக வரும்.

விசிலில் எச்சில் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். உதறிவிட்டு மறுபடியும் இரண்டு ஊதினேன். மறுபடியும் ஒன்றுதான் கேட்டது. கிளம்பிய வண்டி குலுங்கி நின்றது. டிரைவர் சுப்பையா அண்ணன் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். வாய் அசைந்தது. சத்தமும் வந்தது, அவருக்கே உரிய கட்டைக் குரல்தான். ஆனால் அதில் ஒரு சொல்கூட இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கிய மாதிரி இருந்தது.

பயணிகள் பக்கம் திரும்பினேன். அங்கேயும் அதே டப்பாதான். இன்ஜின் உறுமுவது தெரிந்தது. கீழே கிழவியின் கூடைக்குள் கோழி கொக்கரித்தது தெரிந்தது. மனிதர் பேசுவது மட்டும் தெரியவில்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அறுபதுகளின் கடைசி. நாள்கூட நினைவில் இருக்கிறது, சொல்லி என்ன ஆகப்போகிறது.

இதே நோயோடு எங்காவது ஒரு வீட்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டார் படித்தால் இன்னும் நல்லது.

சுப்பையா அண்ணன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். என் வாய்ப்பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. “தலை கிறுகிறுன்னு வருது” என்று சொன்னேன், சொல்ல நினைத்ததைத்தான் சொன்னேன். என் குரல் மட்டும் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. மனைவி சீனியம்மாள் பதறிப்போய் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்டாள். அவள் அழுகிறாள் என்பது புரிந்தது. என்ன கேட்கிறாள் என்பது புரியவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இருக்கிறது என்று வெந்நீர் பீச்சிக் கழுவினார். சொட்டுமருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சு புரியவில்லை என்று ஒருவன் வந்து நின்றால் யாருக்கும் காதுதான் நினைவுக்கு வரும். ஒரு வாரம் சொட்டுமருந்து விட்டோம். காது சுத்தமானது. எறும்பு ஊர்வதுகூடக் கேட்டுவிடும்போல இருந்தது. பேச்சு மட்டும் பழையபடி கூழாங்கல்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். செவிடனிடம் பேசுவதாக நினைத்துக் காதோரம் வந்து கூவினார்கள். கூழாங்கல் பாறாங்கல் ஆனதுதான் மிச்சம். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். அதைக் கவனித்த இரண்டொருவர், இவன் வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறான் என்று பேசிக்கொண்டார்களாம். இது பின்னால் எனக்குத் தெரிந்தது.

டீக்கடை ரேடியோவில் பாட்டு வரும். மெட்டு அப்படியே இருக்கும், தாளம் இருக்கும், சொல் மட்டும் கரைந்துபோயிருக்கும். கனவில் எல்லாரும் தெளிவாகப் பேசினார்கள். விழித்ததும் வீடு முழுக்க இரைச்சல்.

முதலாளி ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தார். காது போன கண்டக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்கு ஒரே மகள், துணைமாலை. திருச்சுழி அம்மன் பெயர். பதினான்கு வயதில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் ஒரு பெண்ணும் அத்தனை தூரம் படித்ததில்லை. பதினொன்றாம் வகுப்பு முடிக்காமல் அவளை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன் என்று பஸ்ஸில், டீக்கடையில், சம்பந்தம் கேட்டு வந்தவர்களிடம், எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தேன். என் வேலை போனால் அவள் படிப்பும் போகும். அதனால் ஒரு பொய் சொன்னேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து, “இப்ப நல்லாக் கேக்குது” என்றேன்.

பொய்யென்றும் முழுதாகச் சொல்ல முடியாது. கேட்கத்தான் செய்தது.

அன்றிலிருந்து நான் ‘ம்’ கொட்ட ஆரம்பித்தேன். நம் பக்கம் கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவர் கதையை நிறுத்திவிடுவார். அந்த ‘ம்’மை வைத்தே நான் காலம் தள்ளினேன். எதிரில் இருப்பவர் வாய் மூடியதும் ஒரு ‘ம்’. முகம் சிரித்தால் சிரிப்போடு ஒரு ‘ம்’. முகம் சுருங்கினால் தலையை ஆட்டி இழுத்து ஒரு ‘ம்’. சாப்பிடக் கூப்பிடுகிறாளா, தண்ணீர் வேண்டுமா என்கிறாளா என்பதையெல்லாம் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். சீனியம்மாளுக்கு எழுத்து தெரியாது. எழுதிக் காட்டச் சொல்லலாம் என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. துணைமாலைக்கு எழுதத் தெரியும், ஆனால் அவளிடம்தானே நான் முதலில் நடிக்க வேண்டியிருந்தது.

படிக்கிறவர்களே, இந்த ‘ம்’முக்குப் பயப்படுங்கள். உங்கள் வீட்டு நோயாளி எல்லாவற்றுக்கும் ‘ம்’ சொன்னால் அவர் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறும் நேரம். பந்தல்குடியிலிருந்து மாமனாரும் மச்சினன் கருத்தபாண்டியும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் வந்தார்கள். கருத்தபாண்டி சீனியம்மாளின் தம்பி. தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், இருபத்தேழு வயது. தாம்பாளத்தில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலைபாக்கு, பூ எல்லாம் இருந்தன. உடம்புக்கு முடியாதவனைப் பார்க்க வந்திருக்கிறார்கள், வழியில் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து எடுத்து வந்திருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

மாமனார் என் எதிரே உட்கார்ந்து மெல்லிய குரலில் நீளமாகப் பேசினார். நான் ‘ம்’ என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர் மறுபடியும் பேசினார், இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமாக. மறுபடியும் ‘ம்’ என்றேன். அடுப்படி வாசலில் நின்ற சீனியம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் முகம் வெளிறியிருந்தது. என் உடம்பை நினைத்து வருந்துகிறாள் என்று நினைத்து, அவளைத் தேற்றுவதற்காக நன்றாகச் சிரித்து, இன்னொரு ‘ம்’ போட்டேன். மாமனார் தாம்பாளத்தை நீட்டினார். எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குச் சாயங்காலம் வரை புரியவில்லை.

அவர்கள் போன பிறகு சீனியம்மாள் என் பக்கம் திரும்பவேயில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். துணைமாலை கொல்லைப்பக்கமே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூட நோட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னிடம் பேசப் பயந்தோ என்னவோ, எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தமிழ்ப் பரீட்சைக்கு எழுதுவதுபோல் சுத்தமான எழுத்து.

“அப்பா, மாமாவுக்கு என்னைத் தர ஏன் மூன்று முறை சம்மதம் சொன்னீர்கள்? தை மாதம் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு முடிக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, ஒன்றும் கரையவில்லை. நோயில் படுத்த நாளில் வராத பயம் அப்போதுதான் வந்தது.

“தாயி, எனக்கு ஒண்ணும் வெளங்கலை” என்றேன். “அவுக பேசுனது எதுவும் வெளங்கலை. ஒங்க ஆத்தா பேசுறதும் வெளங்கலை. சத்தந்தான் கேக்குது.”

அவள் நம்பவில்லை. எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். இன்னொன்று சொன்னாள். தெரியவில்லை என்றேன். முன்னால் வந்து எழுதிக் காட்டினாள். முதலில் அவள் சொன்னது ‘அப்பா’. அடுத்தது அவள் பெயர்.

பிறகு அவள்தான் எனக்கும் சீனியம்மாளுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதினாள். அன்றைக்கு மாமனார் கேட்டதையும் எழுதினாள். “மாப்பிள்ளை, பிள்ளையக் கருத்தபாண்டிக்குக் கேட்டு வந்திருக்கோம். ஒங்களுக்குச் சம்மதந்தானே?” இரண்டு தடவை கேட்டிருக்கிறார். சீனியம்மாள் தன் வாயால் தன் தம்பிக்குப் பெண் இல்லை என்று சொல்ல முடியாது. பிறந்த வீட்டு உறவு அத்தோடு அறுந்துபோகும். நான் மறுப்பேன் என்ற தைரியத்தில்தான் அவர்களை உட்காரவே வைத்திருக்கிறாள். நான் மறுக்காததைப் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்லுங்க, பிள்ளை படிக்குதுல்ல” என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்குத்தான் நான் பல் தெரியச் சிரித்து ‘ம்’ சொன்னேன். ‘ம், யோசித்துவிட்டேன்’ என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இனிமேல் அந்த ‘ம்’மைச் சொல்வதில்லை என்று துணைமாலையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாளே பந்தல்குடிக்கு ஆள் அனுப்பி, எனக்குப் புரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். கருத்தபாண்டி பதில் சொல்லி அனுப்பினான். தட்டு வாங்கிவிட்டு இப்போது நாடகம் ஆடுகிறார்கள் என்றான். நல்லாக் கேக்குது என்று நானே ஊர் முழுக்கச் சொன்னது அவன் காதுக்கும் போயிருந்தது. என் பொய்யே எனக்கு எதிர்ச் சாட்சியாக வந்து நின்றது.

என் நோயை நிரூபித்தால்தான் என் மகள் தப்புவாள் என்ற நிலை. அதற்காகத்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். குணமாக வேண்டும் என்று போகவில்லை. ‘இவனுக்குப் பேச்சு புரியாது’ என்று ஒரு டாக்டர் கையால் ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். துணைமாலை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நோட்டோடு கூட வந்தாள்.

இரண்டு நாள் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். ஒரு பக்கம் ஸ்டிரெச்சர் சக்கரம் கிறீச்சிடும், ஒரு பக்கம் வாளி உருளும், நடுவில் நூறு பேர் வாய் திறந்து மூடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குத் தெரியாது என்பதால் மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். இளவயது, கடுகடுத்த முகம், அவசரமே இல்லாத கை.

முதலில் இசைக்கவையை (தட்டினால் ரீங்காரம் போடும் இரும்புக் கவை) இரண்டு காதிலும் வைத்தார். கேட்டது. எனக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். சாவி என்றேன். காகிதத்தைக் கிழித்தார். காகிதம் என்றேன். பிறகு பேசினார். கூழாங்கல் என்று சொல்ல வந்து, தெரியவில்லை என்றேன். பேப்பரைக் கொடுத்து வாசிக்கும்படி சைகை காட்டினார். தடங்கல் இல்லாமல் வாசித்தேன்.

கடைசியாகப் பென்சிலால் மேசையைத் தட்டினார். எத்தனை தட்டு என்று விரலால் காட்டச் சொல்கிறார் என்று மகள் எழுதினாள். ஒன்று. அடுத்து இடைவெளிவிட்டு இரண்டு. சரியாகக் காட்டினேன். பிறகு அடுத்தடுத்து வேகமாகத் தட்டினார். எனக்கு ஒன்றுதான் கேட்டது. மறுபடி தட்டினார். ஒன்றுதான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். துணைமாலை மூன்று விரலைக் காட்டினாள். கிழவி இறங்கிய விலக்கில் என் விசிலுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் நோட்டை வாங்கி எழுதினார். என் நோய்க்குச் சொற்செவிடு (காது கேட்கும், ஆனால் கேட்ட ஒலிகளை மூளை சொல்லாகக் கோக்காது) என்று பெயர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி விளக்கினார். “பஸ்ஸில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினால் உங்களால் டிக்கெட் போட முடியும். எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்தால் முடியாது. ‘கடல்’ என்று ஒருவர் சொன்னால் ‘க’ முன்னால், ‘ட’ நடுவில், ‘ல்’ கடைசியில் என்று மூளை வரிசை பிடித்து வைக்க வேண்டும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும். வரிசை பிடிக்கும் அந்த இடம் உங்களுக்கு அடிபட்டிருக்கிறது. ஒலிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.”

சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சலில் கிடந்ததுண்டா என்று அடுத்த பக்கத்தில் கேட்டிருந்தார். பத்து வயதில் ஒரு மாதம் கிடந்தேன். அது வாதக் காய்ச்சல் (மூட்டுகளை வீங்கவைத்து, இதயத்தின் வால்வுகளில் தழும்பை விட்டுப்போகும் காய்ச்சல்). அந்தத் தழும்பில் உறைந்த ரத்தத்தின் துணுக்கு ஒன்று கழன்று, மூளைக்கு ஏறி, இடது காதுக்கு மேலே உள்ள ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம் என்று எழுதினார். கொஞ்சம் தானாகத் திரும்பலாம். முழுதாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன் என்றும் எழுதினார். இன்னொரு துணுக்கு வருமா என்று கேட்டேன். வரலாம் என்று எழுதி, மகளுக்குத் தெரியாமல் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டார். மகள் அதற்குள் படித்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், என் கையில் காகிதம் இருந்தது. கண்டக்டர் வந்து ஏதோ கேட்டான். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணைமாலை டிக்கெட் வாங்கினாள். பதிமூன்று வருஷத்தில் எத்தனை பேர் என்னை அப்படிப் பார்த்து முழித்திருப்பார்கள், நான் எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருப்பேன். வெளியே கரிசல்காடு வெடித்துக் கிடந்தது. இவள் கல்யாணம் மட்டும் நின்றுவிட்டால், அந்த இன்னொரு துணுக்கு வந்து என்னைக் கொண்டுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியதை மறைக்க விரும்பவில்லை. இந்த நோயில் அப்படி வேண்டாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போனோம். நான், சீனியம்மாள், துணைமாலை, சாட்சிக்குச் சுப்பையா அண்ணன். அவர்கள் வீட்டில் அன்று தட்டு கொண்டுவந்த பெரியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். டாக்டர் எழுதிய காகிதத்தைத் துணைமாலை வாசித்தாள். அவள் வாசித்து முடித்ததும் சில பேர் சிரித்தார்கள்.

இனி வருவதெல்லாம் அவள் நோட்டில் குறித்துக்கொண்டது. கருத்தபாண்டி கேட்டான்: “காது கேக்குமாம், பேச்சு மட்டும் கேக்காதாம். இப்பிடி ஒரு சீக்கு நம்ம சீமையில எவனுக்கு வந்துருக்கு?” சுப்பையா அண்ணன் எழுந்து சொன்னார்: “நாலு விசில் ஊதுனான்யா. எறங்குன கெழவி வண்டிச் சக்கரத்துப் பக்கத்துல நிக்கா, இவன் நாலு ஊதுறான். பதிமூணு வருஷத்துல ஒருநாளும் இந்தப் பூமிநாதன் அப்பிடி ஊதுனவன் இல்ல.”

விசிலை எல்லாம் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாமனார் வெற்றிலையை மென்றபடி தலையைக் குனிந்துகொண்டார். சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். காகிதம் தோற்றுவிட்டது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என் மகளும் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது கருத்தபாண்டி எழுந்தான். என் பக்கமாக நடந்து வந்து எனக்குப் பின்னால் போய் நின்றான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன், அடித்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் அடிக்கவில்லை. ஏதோ சொன்னான். குரல் சாந்தமாக இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரல்.

வெட்கம் கெட்ட என் வாய் தானாகச் சொன்னது. “ம்.”

சொன்ன பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. எல்லாம் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி கண்ணைத் திறந்தபோது சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மாமனார் எழுந்து நின்றிருந்தார். சீனியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கருத்தபாண்டி எனக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு, என் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் சிவந்திருந்தது. பிறகு எழுந்துபோய், நாங்கள் கொண்டுவந்த தாம்பாளத்தைத் தானே எடுத்து உள்ளே வைத்தான்.

அவன் என்ன சொன்னான் என்று துணைமாலையிடம் கேட்டேன். நோட்டை மூடிவிட்டாள். சுப்பையா அண்ணனிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பென்சிலை வாங்க மறுத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி (வாதக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க) இன்றுவரை போட்டுக்கொள்கிறேன். கண்டக்டர் வேலை போய்விட்டது. முதலாளி நல்லவர், ஷெட்டில் டிரிப் ஷீட் (வண்டி போய்வந்த கணக்கு) எழுத உட்கார வைத்தார். அங்கே எல்லாம் காகிதத்தில்தான், அதனால் பிழைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்போது புதுக் கண்டக்டர் விசில் கொடுப்பான். ஒன்றா இரண்டா என்று காதால் தெரியாது, வண்டி நகர்ந்தால் இரண்டு என்று கணக்கு.

பேச்சு திரும்ப ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதம், பகல் நேரம். சீனியம்மாள் கம்பு அளந்துகொண்டிருந்தாள். நம் பக்கம் தானியம் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்று எண்ணுவார்கள். படியை முக்கி, தலை தட்டி, சாக்கில் கொட்டிவிட்டு ஒரு சொல். மறுபடி முக்கி, தட்டி, கொட்டிவிட்டு அடுத்த சொல். நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “லாபம்” என்று கேட்டது. அடுத்த படியைக் கொட்டும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு” என்று கேட்டது. நான் “மூணு” என்று அவளுக்கு முன்னால் சொன்னேன். அவள் படியை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

டாக்டரின் பென்சில் மாதிரிதான். இடைவெளி இருந்தால் என்னால் பிடிக்க முடிந்தது. அதற்குப் பிறகு சீனியம்மாள் என்னோடு படி அளக்கிற மாதிரியே பேசினாள். முகத்துக்கு நேரே நின்று, ஒரு சொல், ஒரு மூச்சு, அடுத்த சொல். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். கத்தாதீர்கள், கத்தினால் ஒன்றும் ஆகாது. புரியாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லைப் போடுங்கள். நோயாளியிடம் ‘கேட்குதா’ என்று கேட்காதீர்கள், என்ன கேட்டது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

முழுதாகத் தேறவில்லை. வேகமாகப் பேசினால் இப்போதும் டப்பாதான். துணைமாலை பதினொன்றாம் வகுப்பு முடித்தாள், இப்போது டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க யார் யாருடைய குரலையோ இணைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய அப்பாவோடு மட்டும் போனில் பேச முடியாது. எங்களுக்குக் கடிதம்தான், அதே பரீட்சை எழுத்து. கருத்தபாண்டிக்குக் கோவில்பட்டிப் பக்கம் பெண் அமைந்தது. நல்ல நாள் பொல்லாத நாளுக்கு வருவான். வந்தால் எனக்குப் பின்னால் நின்று பேச மாட்டான்.

போன மாசி மாதம் சீனியம்மாளிடம் கேட்டேன். அன்றைக்கு உன் தம்பி என்ன சொன்னான் என்று. பத்து வருஷம் ஆகப்போகிறது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, படி அளப்பதுபோல் சொன்னாள்.

“மச்சான்.”

அது வந்து சேர்ந்தது. காத்திருந்தேன்.

“ஒங்க.”

“மகளை.”

நம் பேச்சில் என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கும். மற்றவர்களுக்கு அது உடனே வந்துவிடும். எனக்கு மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். மகளை என்ன? அழைத்து வரவா, படிக்க வைக்கவா, நல்லபடி வைத்துக்கொள்ளவா? எத்தனையோ நல்ல சொல் அந்த இடத்தில் வந்து உட்காரலாம்.

“கெணத்துல.”

நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு முடித்தாள்.

“தள்ளிருவமா.”

ஐந்து சொல்லையும் வரிசையில் வைத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ‘ம்’ சொல்லவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் பழக்கம், அதையும் சொல்லவில்லை. அழுகை வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான், சொல் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் மற்றது வரும்.